முதல் நன்னீர் மீன் தொட்டி: வெறும் கண்ணாடியிலிருந்து முதல் மீன் வரை

முதல் மீன் தொட்டி பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஒரு மாலையில் தொட்டியும் மீனும் சேர்ந்தே வாங்கப்படுகின்றன. இரவுக்குள் தண்ணீர் நிரப்பி, விளக்கைப் போட்டு, மீன்களையும் விட்டாகிவிடுகிறது. மூன்று நாள் எல்லாம் நன்றாக இருக்கும். நான்காம், ஐந்தாம் நாளில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். இரண்டாம் வாரம் முடிவதற்குள் பாதி மீன்கள் போய்விடும். தண்ணீர் பளிங்குபோல இருக்கும்போதே இது நடப்பதால், கடைக்காரர் நோய்பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்றே எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மீன்களைக் கொன்றது அவற்றின் கழிவிலிருந்தே உண்டான அம்மோனியா என்பதும், அதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது என்பதும் பின்னால்தான் தெரிந்தன.

ஆகவே இந்த வழிகாட்டியில் மீன் கடைசியில்தான் வரும். தொட்டியில் தண்ணீர் நிரப்பும் நாளுக்கும் முதல் மீனை விடும் நாளுக்கும் இடையில் நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும். அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவருக்கு மற்றவை எல்லாம் எளிது.

எவ்வளவு பெரிய தொட்டி, எங்கே வைப்பது

சிறிய தொட்டியில் தொடங்கிப் பழகிய பிறகு பெரியதற்குப் போகலாம் என்று தோன்றும். நடைமுறையில் சிறிய தொட்டிதான் கடினமானது. மீன் தின்னாமல் விட்ட ஒரு துளி உணவு பத்து லிட்டர் தண்ணீரில் அழுகினால் வருகிற கேடு, அறுபது லிட்டரில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். வெப்பநிலையும் அப்படியே: சிறிய நீர் விரைவில் சூடேறி விரைவில் குளிர்கிறது, மீனுக்கு அந்த ஏற்ற இறக்கமே நோய்க்கு வாசல். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளலாம். இட வசதி இருந்தால் இன்னும் பெரியதாகவே வாங்கலாம். உருண்டைக் கண்ணாடிக் குடுவைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடிகட்டி வைக்க வழியில்லாத, மேற்பரப்பு குறுகிய அந்தக் குடுவை எந்த மீனுக்கும் வீடாகாது.

மூன்று அளவுகளையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். மேற்சொன்ன தொட்டிக்கு அது 54. கண்ணாடியின் தடிமன், விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி, அடியில் போடும் கற்கள் ஆகியவற்றைக் கழித்தால் உண்மையில் பிடிப்பது 45 லிட்டருக்குப் பக்கம்தான் இருக்கும். பின்னாளில் மருந்தோ குளோரின் நீக்கியோ அளந்து விடும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. முதல் முறை நிரப்பும்போது அளவு தெரிந்த வாளியால் எண்ணி ஊற்றி, அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தொட்டியின் பின்புறம் ஒட்டிவைப்பது என் வழக்கம். ஒரே கொள்ளளவுள்ள இரண்டில் ஒன்று உயரமாகவும் ஒன்று நீளமாகவும் இருந்தால் நீளமானதையே எடுக்க வேண்டும், ஏனெனில் ஆக்சிஜன் நீருக்குள் வருவது மேற்பரப்பின் வழியாகத்தான், மீன் நீந்துவதும் பெரும்பாலும் கிடைமட்டமாகத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் இந்தத் தொட்டியே எழுபது கிலோவைத் தாண்டிவிடும். ஆகையால் சாதாரண மேசையை நம்பக் கூடாது. தாங்கியின் மேல்தளம் மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்த்து, வெறும் கண்ணாடி அடித்தளம் கொண்ட தொட்டியானால் அதற்கும் தாங்கிக்கும் இடையே ஒரு தெர்மோகோல் தாளையோ நுரைத் தாளையோ விரிக்க வேண்டும். ஒரு சிறு மணல் துணுக்கு அடியில் சிக்கினாலும் அந்தப் புள்ளியில் கண்ணாடி விரிசல் விடக்கூடும். நேர் வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம்: பாசி படரும், நீர் சூடேறும். கொசுவர்த்தியும் பூச்சிமருந்துத் தெளிப்பும் பயன்படுத்தும் அறையும் வேண்டாம். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குச் சிறு தொல்லை, மீனுக்கோ கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் அனுப்புகிறது.

இடம் முடிவானதும் அந்த இடத்திலேயே தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, நான்கு விளிம்புகளின் கீழும் உலர்ந்த காகிதத்தைச் செருகி, ஒரு முழுநாள் விட்டுப் பார்க்கவும். கசிவு இருந்தால் காகிதம் சொல்லிவிடும். தண்ணீர் இருக்கும்போது தொட்டியை ஒருபோதும் நகர்த்தக் கூடாது.

கருவிகள்

வடிகட்டி என்றதும் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றே நினைக்கிறோம். அதன் முதன்மையான வேலை வேறு: நஞ்சை முறிக்கும் பாக்டீரியாக்களுக்கு இருப்பிடமாக இருந்து, அவற்றின்மீது ஆக்சிஜன் உள்ள நீரை இடைவிடாமல் ஓடச் செய்வது. இந்த ஒரு வேலையை வைத்துப் பார்த்தால், காற்றுப் பம்பால் இயங்கும் எளிய ஸ்பாஞ்ச் வடிகட்டியே தொடக்கக்காரருக்குப் போதும். அதில் கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை, சிறு மீன்களை உறிஞ்சவும் செய்யாது. பின்புறக் கண்ணாடியில் தொங்கும் வகையோ உள்ளே மூழ்கும் மோட்டார் வகையோ வாங்கினால், மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கைந்து மடங்கு நீரைச் சுழற்றக்கூடியதாகப் பார்க்க வேண்டும். எதுவாயினும் அது இரவும் பகலும் ஓட வேண்டும். தூங்கப் போகும்போது சத்தமாக இருக்கிறதென்று நிறுத்துபவர்கள் உண்டு. காலையில் எழுந்து மீனைப் பார்க்கும்போது காரணம் புரியாது.

காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். நான் இரண்டையும் செய்யாமல் பம்பைத் தரையில் வைத்திருந்தேன். ஓர் இரவு மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கி, பம்பை நிறைத்து, தரையில் விரிந்திருந்த பாயையும் நனைத்திருந்தது. விரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு வால்வு அதைத் தடுத்திருக்கும். மின்கம்பிகளிலும் இதே கவனம் தேவை: ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குப் போகும் வழியில் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது.

அறையின் குளிர்ச்சியால் நீரின் வெப்பநிலை 24 டிகிரிக்குக் கீழே இறங்குமானால் வெப்பமண்டல மீன்களுக்கு ஹீட்டர் வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது போதுமான கணக்கு. நீரை வெளியேற்றும் முன் அதை அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான குழல் காற்றில் தலைகாட்டினால் வெடித்துவிடும். விளக்கு ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மூடி கட்டாயம், ஏனெனில் மீன்கள் துள்ளும்.

பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுவதும், நான் தொட்டிக்கு அடுத்தபடியாக வாங்கச் சொல்வதும் சோதனைக் கருவிதான். அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் ஆகிய நான்கையும் அளக்கும் சொட்டுத் திரவ வகை, காகிதப் பட்டைகளைவிட நம்பகமானது. நைட்ரேட் சோதனைக்கான புட்டிகளில் சிலவற்றில் மருந்து அடியில் படிந்துவிடும். குறிப்பில் சொல்லியபடி நன்றாகக் குலுக்காவிட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும். இவற்றோடு குளோரின் நீக்கும் திரவம், கழிவை உறிஞ்சும் சைஃபன் குழாய், ஒரு வெப்பமானி, சோப்பு என்பதையே பார்த்திராத ஒரு புது வாளி. அந்த வாளியை வீட்டில் வேறு யாரும் வேறு வேலைக்கு எடுத்துவிடாதபடி அதன்மேல் ‘மீன்’ என்று எழுதிவைப்பது நல்லது.

கல், கட்டை, செடி

இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள சரளைக்கல்லை நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்ப வேண்டும். பின்புறம் சற்று உயரமாக இருந்தால் பார்வைக்கும் ஆழம் கிடைக்கும், கழிவும் முன்பக்கம் வந்து சேரும். அதற்கு முன் கழுவ வேண்டும், அதுவும் நாம் எண்ணுவதைவிட அதிகமாக. வாளியில் பாதியளவு கல்லைப் போட்டு, நீர் விட்டு, அரிசி களைவதுபோலக் கையால் அளைந்து கொட்டினால் முதல் நீர் பால்போலக் கலங்கி வரும். ஐந்தாம் முறை போதும் என்று தோன்றும், அப்போதும் போதாது. அளைந்த பிறகும் வாளியின் அடி தெரியும்வரை, பத்துப் பதினைந்து முறையானாலும், வெறும் நீரால் மட்டும் கழுவ வேண்டும்.

வெளியிலிருந்து எடுத்த கல்லில் ஒரு சொட்டு வினிகரை விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ளது, நீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். கிளிஞ்சல்களும் பவளத் துண்டுகளும் இதே இனம். பெரிய கல்லைச் சரளையின் மேல் வைக்காமல் முதலில் அடித்தளத்தில் அமர்த்திவிட்டு அதைச் சுற்றிச் சரளை பரப்பினால், மீன் கிளறிக் குழி பறித்தாலும் கல் உருண்டு கண்ணாடியில் மோதாது. மரக்கட்டை மிதப்பது நிற்கும்வரை ஊற வேண்டும். அதிலிருந்து இறங்கும் தேநீர் நிறத்தால் தீங்கில்லை.

உயிருள்ள செடிகளை அலங்காரமாக மட்டும் எண்ணக் கூடாது, அவை அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக எடுத்துக்கொள்கின்றன. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் மங்கலான விளக்கிலும் வளரும். அவற்றின் தடித்த கிடைத்தண்டைச் சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும் என்பதால், கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட வேண்டும். வாலிஸ்னேரியாவை வேரோடு நடலாம். 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்கமீன்களோடு இதே வாலிஸ்னேரியாவை ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, அழுகும் இலைகள் நீரைக் கெடுப்பதைக் கண்டு, அவற்றைத் தின்ன நத்தைகளைச் சேர்த்து அந்தச் சிறு உலகைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். செடி இருந்தால் போதும் என்று இன்றும் சொல்பவர்கள் அந்த நத்தைகளை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் அமைந்ததும் சரளையின் மேல் ஒரு தட்டை வைத்து, நீரை அந்தத் தட்டின்மேல் மெதுவாக ஊற்றினால் கற்கள் கலையாது.

தண்ணீர்

குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின், மீனின் செவுள்களையும் நாம் வளர்க்கப்போகும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே கொல்லும். வெறும் குளோரின் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்தால் வெளியேறிவிடும். குளோரினும் அம்மோனியாவும் இணைந்த குளோரமின் சேர்க்கப்பட்ட நீரில் அது நடக்காது, நாள்கணக்கில் நிலைத்து நிற்கும். எது கலந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் இரண்டையும் முறிக்கும் நீக்கித் திரவத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. நிலத்தடி நீரில் குளோரின் இருக்காது, ஆனால் கரைந்த கார்பன் டைஆக்சைடு மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கலாம் என்பதால் காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வைத்திருந்து, பிறகு பிஎச் அளக்க வேண்டும். தாது நீக்கிய நீரைத் தனியாக நிரப்பக் கூடாது. பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் அதில் அனேகமாக இல்லை.

பிஎச் 6.5 முதல் 8 வரை எங்கிருந்தாலும், அது நிலையாக இருக்குமானால், பண்ணையில் வளர்ந்த பெரும்பாலான மீன்கள் பழகிக்கொள்ளும். மருந்து ஊற்றி அதை ஏற்றி இறக்குவதுதான் ஆபத்து. நீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி வகைகளும், மென்மையாக இருந்தால் டெட்ரா வகைகளும் நன்றாக வரும். வீட்டு நீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது ஒருநாள் வேலை, மீனுக்காக நீரை மாற்றுவது வாராவாரம் செய்ய வேண்டிய வேலை.

தொட்டியைப் பழக்குதல்

புதுச் சட்டியைப் பழக்கி எடுப்பதுபோலப் புதுத் தொட்டியையும் பழக்க வேண்டும். மீன் வளர்ப்போர் இதைச் சைக்கிளிங் என்கிறார்கள். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், மிஞ்சி அழுகும் உணவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது, அதை ஓரளவுவரை மீன்கள் தாங்கும். இந்த வேலை இரண்டு படிகளாக, இரண்டு வகை உயிர்களால் நடப்பதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கே வினோகிராட்ஸ்கி மண்ணை ஆராய்ந்து காட்டினார். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது, நெடுங்காலம் நம்பப்பட்டதுபோல நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா வகைதான் என்று 1998-இல் வெளியான ஆய்வு சொன்னது. நம் தேவைக்கு முக்கியமான செய்தி, இவை மிக மெதுவாகப் பெருகுபவை என்பது. தயிர் ஓர் இரவில் உறைகிறது. இவை வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

மீன் இல்லாமலே இவற்றை வளர்க்க, வடிகட்டியை ஓடவிட்டு, நீரை 26 முதல் 28 டிகிரியில் வைத்து, அம்மோனியா அளவு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை அம்மோனியம் குளோரைடு கரைசலையோ கலப்பில்லாத அம்மோனியாத் திரவத்தையோ சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சேர்த்து அளக்க வேண்டும். திரவத்தைப் புட்டியோடு குலுக்கினால் நுரை நின்றுவிடுமானால் அதில் சோப்புப் பொருள் கலந்திருக்கிறது, அது ஆகாது. இரண்டும் கிடைக்காதவர்கள் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிடலாம். அளவு கைக்குள் நிற்காது, நாற்றமும் கொஞ்சம் வரும், ஆனாலும் வேலை நடக்கும்.

முதல் வாரத்தில் எதுவும் நடக்காது. அம்மோனியா போட்ட இடத்திலேயே நிற்கும், சோதனைக் குழாயைத் தினமும் பார்த்துச் சலித்துப்போகும். பிறகு ஒருநாள் அம்மோனியா சற்றே இறங்கியிருக்கும், அதுவரை பூச்சியத்தைக் காட்டும் வெளிர்நீலமாகவே இருந்த நைட்ரைட் குழாயில் லேசான ஊதா படர்ந்திருக்கும். அம்மோனியா பூச்சியத்தை நெருங்கும்போதெல்லாம் மீண்டும் 1 அல்லது 2 பிபிஎம் வரை சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரம்தான் பொறுமையைச் சோதிப்பவை. அம்மோனியா ஒரே நாளில் மறைகிறது, நைட்ரைட்டோ வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டி அடர் ஊதாவாக அப்படியே நிற்கிறது. ஏதோ தவறு என்று எண்ணி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் அதைச் செய்கிறார்கள். விட்டுவைத்தால், நேற்று இரவு ஊதாவாக இருந்த குழாய் இன்று மாலை வெளிர்நீலமாக இருக்கும் ஒரு நாள் வரும். எனக்கு முப்பத்து நான்காம் நாள் வந்தது.

அன்று 2 பிபிஎம் அம்மோனியாவைச் சேர்த்து 24 மணி நேரம் கழித்து அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூச்சியமாக இருந்தால் தொட்டி தயார். அதற்குள் ஏறியிருக்கும் நைட்ரேட்டை இறக்க, பாதிக்கு மேல் நீரை மாற்றிவிட்டு, மறுநாளே மீனை விடலாம். இடையில் நாள்கணக்கில் காலியாக விட்டால் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும்.

நான்கு வாரமாகியும் அசையவில்லை என்றால் பிஎச் அளக்கவும். இந்த நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது நீரின் கார்பனேட்டைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்தால் பிஎச் சரிந்து, 6-ஐ நெருங்கும்போது வேலை ஏறக்குறைய நின்றுவிடும். மீன் இல்லாத தொட்டியில் 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து விட்டால் மீண்டும் நகரும், பாதி நீரை மாற்றினாலும் நகரும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாத, பல மாதம் ஓடிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து வடிகட்டி ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வாங்கி, அந்தத் தொட்டி நீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து, உடனே நம் வடிகட்டிக்குள் வைத்தால் வாரங்கள் நாள்களாகச் சுருங்கும். நண்பரின் தொட்டி நீரை மட்டும் வாங்கி வருவதில் பயனில்லை, பாக்டீரியாக்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. புட்டியில் விற்கப்படும் பாக்டீரியாக்கள் சில நேரம் பலனளிக்கின்றன, சில நேரம் இல்லை. ஊற்றிவிட்டு, புட்டியின்மேல் எழுதியிருப்பதை விட்டு, சோதனைக் குழாய் காட்டுவதை நம்ப வேண்டும்.

இடையில் நீர் வெண்மையாகக் கலங்கினால் பதற வேண்டாம். அது வேறொரு பாக்டீரியாக் கூட்டத்தின் திடீர்ப் பெருக்கம், தானே அடங்கும். கண்ணாடியில் படியும் பழுப்புப் பொடியும் அதுபோலத் தானே மறையும்.

இதைப் படிக்கும் முன்பே மீனை விட்டுவிட்டவர்கள் அதே வேலையை மீனோடு செய்தாக வேண்டும். தினமும் அளந்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம் தாண்டினால் பாதி நீர்வரை மாற்றி, உணவைப் பாதியாகக் குறைத்து, புது மீன் எதையும் சேர்க்காமல் இருக்க வேண்டும். பிஎச் உயர்ந்த நீரில் கூடுதல் கவனம் வேண்டும். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறும்போது, அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது.

எந்த மீன்

நான் சொல்லும் 60 செ.மீ. தொட்டிக்கு மூன்று தேர்வுகள் பொருந்தும்: ஓடிக்கொண்டே இருக்கும் ஜீப்ரா டானியோ எட்டு; அல்லது ஆண் கப்பி ஏழெட்டு; அல்லது ஒரே ஒரு ஆண் ஃபைட்டர், அதற்குத் தனிமைதான் பிடிக்கும். கப்பியில் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் மாதம் ஒருமுறை குஞ்சுகள் வரும். பெண்ணை மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம், பெண் கப்பி ஆணின் விந்தணுவைப் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளக்கூடியது. டெட்ராக்களும் கோரிடோரஸும் கூட்டமாக வாழ்பவை, ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். முதலில் ஒரு இனத்தை விட்டு, இரண்டு வாரம் அளவுகள் பூச்சியத்தில் நிற்பதைப் பார்த்த பிறகே அடுத்த இனத்தைச் சேர்க்க வேண்டும்.

கடையில் விரலளவாகத் தெரியும் சில மீன்களைத் தவிர்க்க வேண்டும். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லித் தரப்படும் சக்கர் மீன் 30 செ.மீ. தாண்டி வளரும், அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். ஆஸ்கரும் சில்வர் ஷார்க்கும் அதே நீளத்துக்கு வளர்பவை. தங்கமீனும் ஒரு சாண் நீளம் வளரக்கூடிய, குளிர்ந்த நீரை விரும்பும் மீன். வளர்ந்துவிட்டது என்பதற்காக எதையும் குளத்திலோ ஆற்றிலோ விடக் கூடாது; சக்கர் மீன்கள் அப்படித்தான் பல நாடுகளின் நீர்நிலைகளில் பரவி, அங்கிருந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

வாங்கும்போது அந்தத் தொட்டியில் செத்த மீன் ஏதும் கிடக்கிறதா, துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா என்று பார்த்து, கொஞ்சம் உணவு போடச் சொல்லி, தின்னும் மீனையே எடுக்க வேண்டும்.

மீனை விடும் நாள்

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, மீன் இருக்கும் பையைத் திறக்காமல் நீரின்மேல் இருபது நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தொட்டி நீரை அதில் சேர்த்து, மூன்று நான்கு முறை ஆனதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. பல மணி நேரம் பயணம் செய்த பை என்றால், திறந்த பிறகு நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம்: பையில் சேர்ந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால் பிஎச் உயர்ந்து, அதுவரை தீங்கற்றிருந்த அம்மோனியா நஞ்சாகிவிடும். அன்று உணவு வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

அதற்குப் பிறகு

நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு நிமிடத்துக்குள் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போட வேண்டும். நாம் கிட்டே போகும்போதெல்லாம் மீன் முன்னே வந்து வாலாட்டுவது பசியால் என்று எண்ணினால் அதற்கு முடிவே இல்லை. வாரம் ஒரு வேளைப் பட்டினி அவற்றுக்கு நன்மையே.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை, சைஃபனைச் சரளைக்குள் செருகிக் கழிவோடு உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரால் நிரப்ப வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்வது நீர் மாற்றம் ஆகாது. ஆவியாவது நீர் மட்டும்தான், நைட்ரேட்டும் உப்புகளும் உள்ளேயே தங்கிச் செறிந்துகொண்டிருக்கும். நைட்ரேட் எப்போதும் 40 பிபிஎம்முக்குக் கீழே இருக்கும்படி மாற்றும் அளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

வடிகட்டியைக் கழுவுவதில்தான் நான் இரண்டாம் முறை மீன்களை இழந்தேன். ஆறு மாதம் நன்றாக ஓடிய தொட்டியின் ஸ்பாஞ்ச் கறுத்து, கொழகொழவென்று இருந்ததைப் பார்த்து, குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து, புதியதுபோல மஞ்சளாகும்வரை கழுவினேன். அந்தக் கொழகொழப்பில்தான் முப்பத்து நான்கு நாள் காத்திருந்து வளர்த்தவை எல்லாம் இருந்தன. மூன்றாம் நாள் அம்மோனியா 1 பிபிஎம். ஸ்பாஞ்சை, வாரந்தோறும் வெளியேற்றும் தொட்டி நீரிலேயே, நீரோட்டம் குறையும்போது மட்டும், இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். அது அழுக்காகத் தெரிவதே சரி.

மீன் சோர்ந்தால் மருந்துக்கு முன் நீரைச் சோதிக்க வேண்டும். உடலில் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தெரிந்தால் அது இக் எனப்படும் ஒட்டுண்ணி நோய். மீனின் தோலுக்குள் இருக்கும் கட்டத்தில் மருந்து அதை எட்டாது, நீரில் நீந்தும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். அதனால் புள்ளி மறைந்தவுடன் நிறுத்திவிடாமல், மருந்துப் புட்டியில் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். புது மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அரிதாகவே வருகிறது.

நான்கைந்து நாள் வெளியூர் போனால் நன்றாக வளர்ந்த மீன்கள் உணவில்லாமலே இருந்துகொள்ளும். அதற்கும் மேலானால் பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பை விடும்போது, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிட்டிகை வீதம் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, நாளை மேலே எழுதிக் கொடுத்துவிட்டு, உணவு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.